பந்தலூர் குளிரும் சிலோன் ரேடியோவும்

போன வாரம் அக்கா பையன் (பெங்களூருல பொட்டி தட்டறான்) வாட்ஸப்புல ஒரு சுட்டி அனுப்பியிருந்தான். "மாமா, குளிருக்கு ஏத்த டிஜே மிக்ஸ். ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேளுங்க"ன்னு. கேட்டேன். ரெண்டு மணி நேரம் ஓடுது. ஒரு பாட்டு எங்கே முடிஞ்சது, அடுத்தது எங்கே ஆரம்பிச்சதுன்னே பிடிபடல. நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. "பதிலுக்கு நான் ஒரு லிஸ்ட் அனுப்பறேன்டா"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தேன். லிஸ்ட் வரல, பழைய கதைதான் வருது. சரி, வர்றது வரட்டும்னு இங்கே எழுதிட்டேன். கொசுவத்தி நல்லாவே சுத்தும், பொறுத்துக்கோங்க.

முதல்ல எங்க ஊர்க் குளிரைப் பத்திச் சொல்லணும். நீலகிரின்னா எல்லாருக்கும் ஊட்டிதான், உறைபனிதான். பந்தலூர் அப்படி இல்லை. ஊட்டியை விட ரொம்பத் தாழ்வு, வயநாட்டை ஒட்டின பக்கம். ஜூன்ல பிடிச்சா மாசக்கணக்குல மழை. பக்கத்துல இருக்கற தேவாலாவோட மழையைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த மழையெல்லாம் ஓய்ஞ்சு, மார்கழி தை வரும்போதுதான் வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கே கதவைச் சாத்திடுவோம். கம்பளி, கட்டஞ்சாயா, ரேடியோ. ராத்திரி வேற வேலை கிடையாது.

இதுல ஒரு விஷயம், மத்த மாசத்தை விட இந்த ரெண்டு மூணு மாசம் ரேடியோ நல்லா கேட்கும். சின்ன வயசுல குளிருக்கும் ரேடியோவுக்கும் ஏதோ சொந்தம் இருக்குன்னு நினைச்சேன். பந்தலூர் பஜார்ல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்த எங்க சித்தப்பாதான் விளக்கினார். பகல்ல சூரிய வெளிச்சத்தால வானத்துல ஒரு படலம் உண்டாகி மீடியம் வேவ் அலைகளை உறிஞ்சிடும். பொழுது சாஞ்சதும் அது கலைஞ்சிடும். அப்புறம் அதுக்கும் மேலே இருக்கற படலத்துல அலை பட்டுத் திரும்பி, நூத்துக்கணக்கான மைல் தள்ளி வந்து இறங்கும். இது எல்லா ராத்திரியும் நடக்கறதுதான். ஆனா சித்திரை வைகாசியில இடி மின்னல் எங்கே அடிச்சாலும் அந்தக் கரகரப்பு நம்ம பெட்டிக்குள்ள வந்துடும். மார்கழி தையில அந்தத் தொல்லை குறைவு, ராத்திரியும் கொஞ்சம் நீளம். அதனால கொழும்பு பக்கத்து வீட்டுல இருக்கற மாதிரி கேட்கும். நடுநடுவுல கடல் அலை மாதிரி ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

கொழும்புன்னா இலங்கை வானொலி. எங்க ஊர்ல எல்லாரும் சொல்றது சிலோன் ரேடியோ.

அதோட பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துடுவோம். எட்வர்ட் ஹார்ப்பர்ங்கற தந்தி இலாகா இன்ஜினியர் முயற்சியில 1925 டிசம்பர்ல கொழும்புல ஒலிபரப்பு தொடங்கிச்சு. நம்ம மெட்ராஸ் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் வந்ததே 1938-லதான். ரெண்டாம் உலகப் போர்ல மவுண்ட்பேட்டனோட படைத் தலைமையகம் இலங்கையில இருந்தது. சிப்பாய்களுக்காக ரேடியோ சியாக்னு ஒரு நிலையம் வெச்சு, கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில பெரிய ஷார்ட் வேவ் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தினாங்க. போர் முடிஞ்சு வெள்ளைக்காரன் போகும்போது அது இலங்கை அரசாங்கத்து கைக்கு வந்தது. 1950-ல வர்த்தக சேவை ஆரம்பிச்சாச்சு. அந்தக் காலத்துல ஆசியாவுல அவ்வளவு பலமான டிரான்ஸ்மிட்டர் வெச்சு விளம்பரமும் பாட்டும் போட்ட நிலையம் வேற எது?

நம்ம பக்கம் என்ன நடந்ததுன்னா, 1952-ல பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்தார். சாஸ்திரிய சங்கீதத்துல பிடிப்புள்ள மனுஷன். சினிமாப் பாட்டு கேட்டா ஜனங்க கெட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சவர். ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டு நேரத்தை வெட்டினார். படத்தோட பேரைச் சொன்னா விளம்பரம் ஆயிடும்னு அதையும் நிறுத்தினாங்க. தயாரிப்பாளருங்க கோவிச்சுக்கிட்டு உரிமத்தையே வாபஸ் வாங்கிட்டாங்க. விடுவாங்களா கொழும்புக்காரங்க? ஹிந்திக்கு அமீன் சயானியோட பினாக்கா கீத்மாலா, தமிழுக்கு எஸ்.பி. மயில்வாகனனோட குரல். காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் காதை கொழும்பு பக்கம் திருப்பிட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு, 1957 அக்டோபர்ல விவித பாரதி ஆரம்பிச்சதே இதுக்குப் பதில்தான். கேஸ்கர் நல்ல சங்கீதம் வளரணும்னு நினைச்சதுல தப்பில்லை. ஆனா ஜனங்களோட காதை சட்டம் போட்டுத் திருப்ப முடியாதுங்கறது என் கட்சி.

இது தமிழ்நாடு முழுக்க நடந்த கதை. மதுரையிலயும் திருநெல்வேலியிலயும் சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்தவங்க நிறைய எழுதியிருக்காங்க. பந்தலூர்ல மட்டும் அதுக்கு இன்னொரு அர்த்தம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

இலங்கை மலையகத்துத் தோட்டங்கள்ல காப்பி, அப்புறம் தேயிலைன்னு நூறு வருஷத்துக்கு மேல உழைச்ச தமிழங்க இருந்தாங்க இல்லையா, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்துல இருந்து போனவங்க வம்சம். 1948-ல இலங்கைக்கு சுதந்திரம் கிடைச்ச வருஷமே குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்து அவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க. அப்புறம் 1964 அக்டோபர் 30-ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர்னு கணக்கு. அதுல 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கறது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தர்றது, மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பேசிக்கறது. 1974-ல அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க. சந்தையில ஆட்டுக்குட்டி பிரிக்கற மாதிரி இல்லை? அந்த ஜனங்களை யாரும் கேட்கல.

மலையகத்துல ரயிலைக் 'கோச்சி'ன்னு சொல்லுவாங்க. தலைமன்னாருக்கு ஏத்திட்டுப் போன ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி'ன்னே பேரு. அங்கிருந்து கப்பல்ல ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் எங்கே எழுதியிருக்கோ அங்கே. மூணு லட்சத்துக்கும் மேல இப்படி வந்தாங்க. தேயிலை தெரிஞ்சவங்களை தேயிலைக்கே அனுப்பலாம்னு, 1968-ல தமிழ்நாடு அரசு நீலகிரியில காட்டை அழிச்சுத் தோட்டம் போட ஆரம்பிச்சது. அதுதான் பின்னாடி டேன்டீ. எங்க பக்கத்துல சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி, பாண்டியாறுன்னு வரிசையா லைன் வீடுங்க முளைச்சது. நாங்க லைன்னு சொல்றதை அவங்க லயம்னு சொன்னாங்க. ஊர்க்காரங்க அவங்களை 'சிலோன்காரங்க'ன்னாங்க. அங்கே இருந்தவரைக்கும் அவங்க 'இந்தியாக்காரங்க'. ரெண்டு பக்கமும் வெளியூர்க்காரங்க!

நிற்க.

அந்த லயங்கள்ல ரேடியோ இருந்த வீடுங்க கொஞ்சம்தான். சிலர் அங்கிருந்தே தூக்கிட்டு வந்தது, சிலர் இங்கே வந்து போனஸ் பணத்துல வாங்கினது. மர்பி, பிலிப்ஸ், புஷ். எல்லாம் ரிப்பேருக்கு சித்தப்பா கடைக்குத்தான் வரும். கடையில எடுபிடி நான். எண்பதுகள் பாதி வரைக்கும் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு தெரியுமா? தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி சின்ன புஸ்தகத்துல ஸ்டாம்ப் ஒட்டி வாங்கணும். சிலோன்காரங்க அதுல ரொம்பக் கறார். ஏற்கெனவே காகிதம் சரியில்லைன்னு ஒரு நாட்டை விட்டே வந்தவங்க, இந்தக் காகிதத்தையாவது ஒழுங்கா வெச்சுக்கணும்னு நினைச்சாங்களோ என்னவோ.

ஏரியல் கட்டறதுக்கு சித்தப்பா என்னைத்தான் அனுப்புவார். தோட்டத்துல நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் மரத்துல ஏறி கம்பியைக் கட்டி, ஓட்டு இடுக்கு வழியா உள்ளே இழுத்து விடணும். அப்படிப் போனதுலதான் ஒரு பாட்டி பழக்கம். எல்லாரும் அம்மாயின்னு கூப்பிடுவாங்க, நானும் அம்மாயின்னுதான் கூப்பிட்டேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துல இருந்து எழுபதுகள்ல வந்தவங்க. கூடப்பிறந்த தங்கச்சி அங்கேயே தங்கிட்டாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் இலங்கைக் குடியுரிமைக்கு மனு போட்டிருந்தார், அம்மாயி வீட்டுக்காரர் இந்தியாவுக்குப் போட்டிருந்தார். ரெண்டு ஆம்பிளைங்க ரெண்டு பாரத்துல போட்ட கைநாட்டுல அக்கா தங்கச்சி ரெண்டு தேசம்.

ராத்திரி அந்த லயத்துல ஏழெட்டு பேர் ரேடியோவைச் சுத்தி உட்காருவாங்க. நான் கவனிச்சது இதுதான். பாட்டு ஓடும்போது எல்லாரும் பேசுவாங்க. கொழுந்து எத்தனை கிலோ, கணக்குல எவ்வளவு பிடிச்சாங்க, எந்தக் காட்டுல யானை நிக்குது. பாட்டு முடிஞ்சு அறிவிப்பாளர் வாயைத் திறந்தா கப்சிப். அடுத்த பாட்டை விரும்பிக் கேட்டவங்க பேரை ஊரோட வாசிப்பாங்களே, அதுக்குத்தான் அந்த அமைதி. பிறந்தநாள் வாழ்த்துன்னா கேட்கவே வேண்டாம். ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளைன்னு ஒவ்வொரு ஊர் பேர் வரும்போதும் ஒருத்தர் தலை நிமிரும். எங்களுக்கெல்லாம் பேர்ப் பட்டியல்ங்கறது பாட்டு வர்றதுக்கு முன்னாடி பொறுத்துக்கற தொல்லை. அவங்களுக்கு அதுதான் நிகழ்ச்சி. பாட்டு சும்மா இடைவேளை.

ஒரு தை மாசம் (1981-ஆ 82-ஆ, ஏழாம் கிளாஸ்னு ஞாபகம்) அம்மாயியோட தோட்டத்துப் பேரே வந்துடுச்சு. ஒரு பையன் பிறந்தநாள். பேரும் தங்கச்சி பேரன் பேர் மாதிரியே இருக்கு. வாழ்த்தறவங்க பேர் வரும்போது சத்தம் இறங்கிப் போச்சு. சொன்னேனே, அலை மாதிரி ஏறி இறங்கும்னு, அந்த இறக்கம். திரும்ப ஏறும்போது பாட்டு. அம்மாயி என்னை உட்கார வெச்சு தங்கச்சிக்குக் கடுதாசி எழுதச் சொன்னாங்க. "நல்லபடியா இருக்கீகளா, நம்ம பயலுக்கு வாழ்த்து கேட்டேன்"னு. ரெண்டு மாசம் கழிச்சு பதில். அது நம்ம பையன் இல்லை, மேல் டிவிஷன் கணக்கப்பிள்ளை பையன், நம்ம வீட்டுல ஏது ரேடியோன்னு. நான் தயங்கித் தயங்கிப் படிச்சுக் காட்டினேன். அம்மாயி முகம் வாடல. "அதனால என்ன தம்பி, அந்தப் பய அப்பனுக்கு நாந்தான் தொட்டில் கட்டினேன்"னாங்க. நாலு நாளைக்கு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் கணக்கப்பிள்ளை மகனுக்குப் புள்ள இருக்காம்னு சொல்லிட்டிருந்தாங்க.

1983 ஜூலை கலவரம் வந்தப்போ நான் கடையில உட்கார்ந்திருந்தேன். ஒரே நாள்ல அஞ்சாறு பெட்டி ரிப்பேருக்கு வந்தது. வருஷக்கணக்கா பரண்ல கிடந்ததெல்லாம். எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: சீக்கிரம் பேச வெச்சுக் குடு. ராத்திரி ஒன்பதே கால் மணிக்கு பிபிசி தமிழோசை கேட்கற பழக்கம் எங்க ஊர்ல அந்த மாசம்தான் பரவலாச்சு. கொழும்பு என்ன சொல்லுது, லண்டன் என்ன சொல்லுதுன்னு ரெண்டையும் வெச்சுப் பார்த்து நடுவுல உண்மையைத் தேடுவாங்க. அம்மாயிக்கு தீபாவளிக்கு அப்புறம்தான் தங்கச்சிகிட்ட இருந்து கடுதாசி வந்தது. உயிருக்கு ஒண்ணும் இல்லை, தோட்டத்தை விட்டு வவுனியா பக்கம் போயிட்டாங்க. அடுத்த வருஷம் கப்பலும் நின்னு போச்சு. அதுக்கப்புறம் பேர் வாசிக்கும்போது எந்த ஊருக்குக் காது குடுக்கறதுன்னு அம்மாயிக்குக் குழப்பம். ஹட்டனுக்கா, வவுனியாவுக்கா?

சரி, மருமகனுக்கு லிஸ்ட் குடுக்கணுமே.

டேய், நீ அனுப்பின மிக்ஸ்ல ஒருத்தன் பாட்டையும் பாட்டையும் தைக்கிறான். அதை எங்க ஆளுங்க பேச்சாலயே தைச்சாங்க. 'இசையும் கதையும்'னு ஒரு நிகழ்ச்சி. ஒரு சிறுகதையை வாசிச்சுக்கிட்டே வருவாங்க, கதையில ஒரு இடத்துல மனசு கனக்கும்போது சரியா அதுக்கேத்த சினிமாப் பாட்டுல நாலு வரி வரும், திரும்ப கதை. ஏற்கெனவே நூறு தடவை கேட்ட பாட்டு அந்தக் கதைக்காகவே எழுதின மாதிரி ஆயிடும். நேயர்கள் எழுதி அனுப்பற கதைகளும் உண்டு. பழைய ஒலிப்பதிவுகள் யூட்யூப்ல கொஞ்சம் கிடைக்குது, தேடிக் கேளு. கரகரப்பு இருக்கறதா பார்த்து எடு, சுத்தம் பண்ணினதுல குளிர் போயிடுது. :-)

கே.எஸ். ராஜா கேளு. திரைவிருந்துல அவர் பேசற வேகத்துக்கு இன்னிக்கு எஃப்எம்ல பேசறவங்க கிட்ட வர முடியாது, ஆனா ஒரு எழுத்து சிதையாது. அந்தக் குரலை 1989-ல கொழும்புல கொன்னுட்டாங்க. அவர் ஒலிப்பதிவு எதைக் கேட்டாலும் எனக்கு அது ஞாபகம் வந்துடும், கேட்காம இருக்கவும் முடியல. அப்புறம் பி.எச். அப்துல் ஹமீது. 'பாட்டுக்குப் பாட்டு' நீ டிவியில பார்த்திருப்பே, அது ரேடியோவுல பிறந்த விளையாட்டு. ராஜேஸ்வரி சண்முகம் அம்மா 2012-ல போயிட்டாங்க. காலையில கேட்கறதுக்கு அவங்க குரல்தான். 'பொங்கும் பூம்புனல்' காலைக்கு, 'இரவின் மடியில்' ராத்திரிக்கு. இதை மாத்திக் கேட்காதே, இட்லியை ராத்திரி ரெண்டு மணிக்குத் தின்ன மாதிரி இருக்கும்.

புதுசா வேணும்னா இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தோட 'தென்றல்' இணையத்துல வருது. பழைய வாசனை கொஞ்சம் ஒட்டியிருக்கு. மார்கழி விடியக்காலை நம்ம ஆகாசவாணியில எம்.எல். வசந்தகுமாரி பாடின திருப்பாவை போடறதைக் கேட்டதில்லைன்னா உன் குளிர்காலம் குளிர்காலமே இல்லை. கார்ல ஊருக்கு வரும்போது ஊட்டி எஃப்எம் 101.8 வை, படுகப் பாட்டு வரும். வார்த்தை பாதி புரியாது, தாளம் விடாது. எஃப்எம் அலை நேர்கோட்டுல போறது, மலையைத் தாண்டத் தெரியாது. ஒரு கொண்டை ஊசி வளைவுல கேட்கும், அடுத்ததுல போயிடும். அலுத்துக்காதே.

தமிழோசை ஷார்ட் வேவை லிஸ்ட்ல போட முடியாது, அது 2017 ஏப்ரல் 30-ஓட நின்னு போச்சு. 1941-ல தொடங்கினது. கடைசி நாள் நான் பழைய பிலிப்ஸ்ல கேட்டேன். அப்புறம் அந்த இடத்துல வெறும் இரைச்சல்தான். முள்ளை நகர்த்தாம கொஞ்ச நேரம் அப்படியே விட்டுட்டேன்.

அம்மாயி தொண்ணூறுகள்ல போயிட்டாங்க. தங்கச்சியை மறுபடி பார்க்கல. அவங்க பேரன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், லயத்துல அவன் அம்மா மட்டும். 2022-ல டேன்டீ தோட்டத்துல 2,000 ஹெக்டேருக்கு மேல வனத்துறைக்கே திருப்பிக் குடுக்க அரசாணை வந்தது. ரிட்டயர் ஆனவங்க குடியிருப்பைக் காலி பண்ணணும்ங்கற பேச்சும் கூடவே வந்துடுச்சு. போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ அந்த அம்மா என்னைக் கேட்டாங்க: "ஏந்தம்பி, மறுபடி எங்கிட்டு அனுப்புவாக?"

பதில் சொல்லத் தெரியல. பேச்சை மாத்த ரேடியோ இருக்கான்னு கேட்டேன். எடுத்துட்டு வந்தாங்க. ஓட்டு மேல நான் இழுத்து விட்ட கம்பி துருப்பிடிச்சு அப்படியே தொங்குது. பெட்டியில பேட்டரி கசிஞ்சு பச்சை பூத்திருந்தது, சுரண்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். கடையில ரெண்டு செல் வாங்கிப் போட்டதும் இரைச்சல் வந்தது. ராத்திரி ஒன்பது மணி இருக்கும். மெல்ல முள்ளை நகர்த்தினேன். முதல்ல மலையாளம், அப்புறம் ஏதோ ஹிந்தி, அப்புறம் ரொம்ப தூரத்துல, ஏறி இறங்கி, தமிழ்ல ஒரு பொம்பளைக் குரல். எந்த நிலையம்னு தெரியல. அந்த அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்து, "பேர் வாசிக்கிறாகளா?"ன்னாங்க.